மைசூரில் ஒரு கோல், தில்லியில் ஒரு கோல்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்குச் சென்ற மாதம் அறிவியலில் ஒரு குழுச் செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். ஆறு பிள்ளைகள் வாட்ஸப்பில் கூடினார்கள். ஒரு பிள்ளை எங்கிருந்தோ விடையை எடுத்துப் போட்டது. மற்ற ஐந்தும் பார்த்து எழுதின. "எல்லோரும் சேர்ந்து செய்தோம், தாத்தா" என்கிறாள். இதுவா சேர்ந்து செய்வது?

நான் டிப்ளமோ படித்தபோது சர்வே வகுப்பில் ஒருவன் ஸ்டாஃப் பிடிப்பான், ஒருவன் லெவல் கருவியில் பார்த்துச் சொல்வான், மூன்றாமவன் குறித்துக்கொள்வான். ஒருவன் தவறினாலும் மூவர் கணக்கும் உதைக்கும். பிறகு ரயில்வேயிலும் அதே கதைதான்.

கணினி வழிக் கூட்டுக் கல்வி எனக்கு விரோதியன்று. மும்பை டாடா சமூக அறிவியல் கழகம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., டாடா அறக்கட்டளைகள் ஆகியவை சேர்ந்து 'கிளிக்ஸ்' என்ற திட்டத்தை ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தின. 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ பரிசும் பெற்றது. பிள்ளைகள் கூடிப் பேசிச் செய்யவேண்டும், தவறிலிருந்து கற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. இணையம் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்காகப் பள்ளிக்குள்ளேயே சர்வர் வைத்தார்கள்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். ஏப்ரல் 22, 23 வாக்கில் மைசூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கோலுக்கு நிழலே விழாது. தில்லி ஏறக்குறைய நமக்கு நேர் வடக்கு. அங்கே அதே நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் நிழல் சுமார் 29 செ.மீ. இருக்கும், அதாவது 16.3 பாகைச் சாய்வு. தேசப்படத்தில் தெற்கு வடக்காக அளந்தால் இடைத்தூரம் சுமார் 1,810 கி.மீ. (ரயில் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், தண்டவாளம் வளைந்து வளைந்து போவது!) 16.3 பாகைக்கு 1,810 கி.மீ. என்றால் 360 பாகைக்குச் சுமார் 40,000 கி.மீ. அதுதான் பூமியின் சுற்றளவு. 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் போட்ட கணக்கு இது.

இதில் பார்த்து எழுத வழியில்லை. மைசூர்ப் பிள்ளைக்குத் தில்லிப் பிள்ளையின் அளவு வேண்டும். கோல் சற்றே சாய்ந்தாலும் விடை தப்பும். ஏன் தப்பியது என்று இருவரும் செல்பேசியில் வாதாட வேண்டும். எந்த மொழியில்? இங்கே கன்னடம், அங்கே இந்தி, இருவருக்கும் வீட்டில் தமிழ். கோல், நிழல், சாய்வு, உச்சி எல்லாம் பாட்டி பேசும் சொற்கள்தாமே!

ஏப்ரலில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டு 20 வாக்கிலும் சூரியன் அதே இடத்துக்கு வரும், ஆனால் மேகத்தை நம்ப முடியாது. கடிகாரத்தில் 12 மணிக்கே கோலடியில் போய் நிற்க வேண்டாம். ஏப்ரலில் இரண்டு ஊரிலும் நண்பகல் 12.20ஐ ஒட்டித்தான் வரும். தில்லியில் உறவினர் உள்ள குடும்பங்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கோலை நிமிர்த்தி நட என் பழைய தூக்குக்குண்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன்.