குப்பைத்தொட்டிக்கு அருகே ஒரு தராசு

ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாளொன்றுக்கு 100 கிலோவுக்குக் குறையாமல் கழிவு சேரும் இடம், 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகும் இடம், 20,000 சதுர மீட்டர் பரப்புள்ள இடம் ஆகிய மூன்றில் எதுவானாலும் அது 'பெருங்கழிவு' உண்டாக்கும் நிறுவனம். ஈரக் கழிவை முடிந்தவரை தன் வளாகத்திலேயே அது பதப்படுத்த வேண்டும். முடியாதென்றால் அதற்கு ஈடாகச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாமாம்! முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலை ஒட்டி நிற்கும் சொகுசு விடுதிகளுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? விதியின் கவலையெல்லாம் சோறு குப்பையான பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான். தின்ன ஆளில்லாத சோற்றை ஏன் வடித்தார்கள் என்று கேட்க யாருமில்லை. அந்த 100 கிலோவை எந்தத் தராசில் நிறுத்துத் தெரிந்துகொள்வார்கள் என்பதும் விளங்கவில்லை. சமையலறையில் அரிசிக்குத் தராசு உண்டு, மீனுக்கு உண்டு. எச்சில் தொட்டிக்கு மட்டும் இல்லை.

உணவு விரயம் பற்றிய ஆய்வுகளில் நம் விடுதி முதலாளிகள் ஒன்றே ஒன்றைப் படித்தால் போதும். சாம்பியன்ஸ் 12.3 என்ற பன்னாட்டுக் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கை அது. 15 நாடுகளில் 42 விடுதிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே உணவுக் கழிவின் எடை சராசரியாக 21 சதவீதம் குறைந்திருந்தது. விரயத்தைக் குறைக்கப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்று ஆண்டுகளில் ஏழு ரூபாய் மிச்சம். ஒன்றுக்கு ஏழு தரும் தொழில் இந்தக் கடற்கரையில் வேறு எது? இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காய் நறுக்கியதில் போனது, பஃபே மேசையில் மிஞ்சியது, தட்டில் விட்டுப்போனது என மூன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதினாலே குற்றவாளி பிடிபடுவார். காலை உணவு முடியும் நேரத்தில், நாலு பேருக்காக முழுத் தட்டு பொங்கலை மறுபடி நிரப்புவதுதான் தவறு என்று எடை காட்டிக்கொடுக்கும். அப்புறம் தட்டைச் சிறிதாக்கலாம், தோசையைக் கேட்கக் கேட்க வார்த்துத் தரலாம். ஆனால் அறை வாடகையிலேயே காலை உணவும் சேர்ந்துவிடும் விடுதியில், விருந்தினர் விட்டுப்போன இட்லிக்கு ஏற்கெனவே காசு வந்தாயிற்று. அதை யார் எண்ணப் போகிறார்கள்?

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மெஸ்களைப் பாருங்கள். அளவுச் சாப்பாடு என்ற ஏற்பாட்டை அவை எந்த அறிக்கையையும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கு எத்தனை படி அரிசி போட வேண்டும் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவர்களை விதி விட்டுவைத்தது நியாயம். கல்யாண மண்டபங்களின் கதை வேறு. சமையல் ஒப்பந்தம் இலைக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், இலையில் என்ன மிஞ்சியது என்பது யாருடைய கணக்கிலும் வராது. ஆயிரம் பேர் உண்ணும் பந்தியில் இலைக்கு 200 கிராம் மிஞ்சினாலே 200 கிலோ. இதற்கு முன்பிருந்த 2016 விதிகளோ நாள் சராசரியைத்தான் கேட்டன. முகூர்த்த நாளின் 200 கிலோவை ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் நாள்களோடு வகுத்தால் மண்டபம் பரம சாது ஆகிவிடும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் இப்படியா முடிய வேண்டும்?

எஞ்சியதைத் தானம் செய்துவிடலாமே என்பார்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் செய்வது நல்ல காரியம். உபரி உணவைப் பகிர்வதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகளே வகுத்துவிட்டது. ஆனால் எச்சில் தட்டைத் தானம் செய்ய முடியாது. கடற்கரைப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் திறந்து கிடந்த குருமாவையும் கொடுக்கக் கூடாது. அளவுக்கு மேல் சமைப்பவருக்குத் தானம் ஒரு பாவமன்னிப்புச் சீட்டு, அவ்வளவுதான். வேறு சிலர் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையைக் காட்டுவார்கள்: 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான், உணவகங்களின் பங்கு 28 சதவீதம். உலகக் கணக்கு இருக்கட்டும். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் மாமல்லபுரத்துக்கு அந்த விகிதம் பொருந்தும் என்று நம்புகிறவர் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே போய்ப் பார்க்கட்டும். விருந்தினர் முகம் சுளிப்பார் என்பது அடுத்த சாக்கு. ஒரு தட்டில் எவ்வளவு பரிமாறலாம் என்று வரையறுக்கும் யோசனையை 2017-இல் மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அது அசட்டு யோசனைதான். இங்கே யார் தட்டிலும் யாரும் கை வைக்கவில்லை. தட்டு திரும்பிய பிறகு அதில் மிஞ்சியதை நிறுக்கச் சொல்வதில் எந்த விருந்தினருக்கு என்ன நஷ்டம்?

தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவைப் புதைப்பதற்குத் தடை போட்டது. 2013-இல் எடைக்கேற்பக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. இன்று அங்கே உணவுக் கழிவில் 95 சதவீதத்துக்கு மேல் தீவனமாக, உரமாக, எரிவாயுவாக மாறுகிறது. நம் கடற்கரையிலோ கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் போன்ற ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் தலையில்தான் எல்லாம் விடிகிறது. அவர்கள் விடுதி வாசலில் நின்று கணக்குக் கேட்க முடியாது. மாவட்ட ஆட்சியரால் முடியும். தினசரி எடைப் பதிவேடு இல்லாத விடுதிக்கும் மண்டபத்துக்கும் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது, சான்றிதழும் தரக் கூடாது. மாதந்தோறும் அந்த எடையை மாவட்ட இணையதளத்தில் விடுதிப் பெயரோடு போட வேண்டும். போட்டால், 2030-க்குள் உணவு விரயத்தைப் பாதியாக்க வேண்டும் என்ற ஐ.நா. இலக்கை இந்தக் கடற்கரைச் சாலை அதற்கு முன்பே எட்டிவிடும். பக்கத்து விடுதியைவிடத் தன் குப்பை கனமானது என்று ஊருக்குத் தெரிவதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார்.