ராஃபியா கயிறும் தஞ்சோங் பாலாவ் கடலும்

தை அமாவாசைக்கு நம்ம கோயில் பஸ்ல தஞ்சோங் பாலாவ் வந்தவங்க நிறைய படம் போட்டிருந்தீங்க. பாறை, அலை, வேட்டி பறக்குற காத்து, எல்லாம் அழகு. ஆனா படத்துல வராத சில விஷயங்கள் இருக்கு. அதைத் தொண்டூழியர்கள் நாங்க சிலர் உட்கார்ந்து பேசி இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. கோபம் வந்தா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து நேர்லயே திட்டுங்க.

வராதவங்களுக்கு இடத்தைச் சொல்லிடுறோம். பாசிர் கூடாங் பக்கமிருந்து ஜொகூர் ஆத்துப் பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டமெல்லாம் கடந்து போனா டேசாருவுக்குப் பக்கத்துல இருக்குது. மீனவர் பொருட்காட்சி சாலை ஒண்ணும் அங்கே உண்டு. மோரிப், போர்ட்டிக்சன் மாதிரி அமைதியான கடல் இல்லை. அந்தப் பக்கம் மலாக்கா நீரிணை, எதிர்ல சுமத்ரா மறைச்சு நிக்குது. இங்கே எதிர்ல தென்சீனக் கடல், திறந்த கடல். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காத்து நேரா கரையைப் பார்த்து அடிக்கும். கற்பூரம் ஏத்த ஆறு பேர் சுத்தி நின்னு துண்டு பிடிக்கணும். ஐயர் சொல்ற மந்திரம் பக்கத்துல நிக்கிறவனுக்கே கேட்காது. ஆனாலும் அங்கே நின்னு முன்னோரை நினைச்சு எள்ளும் தண்ணியும் விடும்போது மனசுல ஏதோ ஒண்ணு இறங்குது பாருங்க, அது வேற எங்கேயும் கிடைக்கலை. அதனாலதான் இவ்வளவு தூரம் போறோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றோம். ஆடி அமாவாசைக்குப் போறப்ப அதே கடல் சாதுவா இருக்கும். காத்து கரையிலிருந்து கடலுக்குப் போகும். நாம விடுற மாலை, விளக்கு எல்லாம் மெதுவா மிதந்து கண்ணுக்கு மறைஞ்சு போகும். நாமும் கையெடுத்துக் கும்பிட்டு, கடல் தாய் வாங்கிக்கிட்டாள்னு வீட்டுக்கு வந்துடுறோம். தை அமாவாசையில அப்படி இல்லை. காத்து உள்பக்கமா அடிக்கிறதால போட்டதை அரை மணி நேரத்துல திருப்பிக் கொண்டாந்து பாறை இடுக்குல திணிக்குது. புதுசு மட்டுமா? வெயில்ல வெளுத்த குங்குமப் பொட்டலம், பழைய போலிஸ்திரின் தட்டு, எல்லாம் அதே வரிசையில கிடந்துச்சு. போன ஆடியில போட்டதா, அதுக்கு முந்தினதா, யாருக்குத் தெரியும்?

எல்லாரும் பஸ் ஏறின பிறகு நாங்க எட்டுப் பேர் நின்னு பொறுக்கினோம். ஏழு கருப்புப் பை. உண்மையைச் சொல்லணும், அதுல பெரும்பாலானது நம்மோடது இல்லை. அறுந்த மீன் வலை, கப்பல் கயிறு, நாம படிக்கவே முடியாத எழுத்துல லேபிள் ஒட்டின தண்ணி போத்தல். "ஊர்க் குப்பைக்கு நாம என்ன செய்ய முடியும்"னு கேக்குறவங்க கேள்வியில நியாயம் இருக்கு. ஆனா ஒரு பைக்குள்ள இருந்தது முழுக்க நம்மோடதுதான். ஊதுபத்தி உறை, கற்பூர டப்பா, ஓம் போட்ட பிளாஸ்டிக் பை, மஞ்சள் துணி. பேர் எழுதாத குப்பையில நம்மோடது மட்டும் பேர் எழுதிக் கிடக்கு. அங்கே குளிக்க வர்ற மத்த இனத்துக்காரங்க அதைப் பார்த்தா யாரை நினைப்பாங்க?

பாறைக்குக் கீழே ஒரு உமாங் உமாங் பார்த்தோம். சங்குக்குள்ள குடியிருக்குமே, சின்ன வயசுல பிடிச்சு விளையாடுவோமே, அதுதான். சங்கு கிடைக்காம நல்லெண்ணெய் போத்தல் மூடிக்குள்ள உடம்பைச் சொருகிக்கிட்டு நடந்துச்சு. மஞ்சள் மூடி. நம்ம விளக்குக்கு வாங்குற அதே எண்ணெய். கூட வந்த பையன் சிரிச்சான், அப்புறம் அவனே பேசாம நின்னுட்டான். பிள்ளைங்க சங்கு பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போறதையும் நாங்க இதுவரைக்கும் தடுத்ததில்லை.

கம்பத்துப் பக்சிக் ஒருத்தர் படகு பக்கத்துல இருந்தார். வயசானவர், நல்ல மனுஷன். நாம வர்றதுல அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "பூங்ஙா போலே, தாலி ஜாங்ஙான்"னு சொன்னார். நம்ம இளவட்டம் ஒருத்தன் பதறிப்போய், "தாலியை யார்ணே கடல்ல போட்டது?"ன்னு எங்களைக் கேட்டான். மலாய்ல தாலின்னா கயிறு லா. பூ போடலாம், கயிறு வேண்டாம்னுதான் அவர் சொன்னார். மாலை கட்டுற ராஃபியா கயிறு அவர் படகு மோட்டார் விசிறியில சுத்திக்கிட்டு, அலை நேரத்துல இன்ஜின் நின்னுபோச்சாம். கோபமா சொல்லியிருந்தாகூட எங்களுக்கு இவ்வளவு வெட்கமா இருந்திருக்காது.

ராஃபியா பார்க்க நார் மாதிரி இருக்கும், ஆனா சுத்தமான பிளாஸ்டிக். பூ ரெண்டு நாள்ல அழுகிடும், கயிறு அழுகாது. போலிஸ்திரின் அதைவிட மோசம். பாறையில மோதி மோதி ஜவ்வரிசி மாதிரி உதிர்ந்து மணலோட கலந்துடுது. அதைப் பொறுக்கவே முடியாது, நாங்க முயற்சி பண்ணிப் பார்த்துட்டோம். அந்த விளக்குத் தட்டை வருஷக்கணக்கா மொத்த விலைக்கு வாங்கி அடுக்கினது யாருன்னு கேட்டா, நாங்கதான். விலை குறைவு, கவிழாது, அதான் காரணம். இத்தனைக்கும் அந்தக் காத்துல விளக்கு ஒரு நிமிஷம்கூட எரியுறதில்லை!

திரெங்கானு ரந்தாவ் அபாங் கதை பெரியவங்களுக்குத் தெரியும். 1950களில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான முட்டைக் குழிகள். பென்யு பெலிம்பிங்னு சொல்ற பெரிய ஆமை வரும், முதுகுல பெலிம்பிங் பழம் மாதிரி வரி வரியா இருக்கும். இப்ப அந்தக் கரைக்கு அது வர்றதே இல்லைன்னு சொல்லலாம். முட்டையைத் தின்னது, வலையில மாட்டினதுன்னு பல காரணம். திரெங்கானுவில் ஆமை முட்டை விற்கவே 2022ல் தடை போட்டுட்டாங்க, ரொம்பத் தாமதம். அந்த ஆமைக்கு முக்கிய உணவு ஜெல்லி மீன். தண்ணியில மிதக்குற பிளாஸ்டிக் பை அதுக்கு ஜெல்லி மீனாத்தான் தெரியும். கூர்ம அவதாரத்துக்குத் தீபாராதனை காட்டுற நாம, ஓம் போட்ட பையைக் கடல்ல விடலாமா?

இன்னொண்ணு, கரையிலேயே நடக்குறது. ரூ மரம், அதாவது சவுக்கு, அது வேர்தான் அங்கே மணலைப் பிடிச்சு வெச்சிருக்கு. டேசாருங்கிற பேர்லயே அந்த ரூ இருக்கு. அந்த வேர் மேல காடி நிறுத்துறோம், அடியில அடுப்பு மூட்டுறோம். மணல்ல படர்ந்த ஊதாப் பூக் கொடியை மலாய்ல தாப்பாக் கூடா, குதிரைக் குளம்புன்னு சொல்றாங்க. நம்ம தமிழ்ல ஆட்டுக்கால் அடம்பு. இலையைப் பார்த்தா ரெண்டு பேரும் சொன்னது சரின்னு தெரியும். ஒரு பஸ் ஜனம் ஆளுக்கொரு பக்கமா மிதிச்சுப் போனா அந்தக் கொடி செத்துடும், அடுத்த பருவக் காத்துல மணலை அலை வாரிக்கிட்டுப் போயிடும்.

நம்மள்ல சிலர், வருஷத்துக்கு ஒரு தடவை கோத்தோங் ரோயோங் போட்டுக் கரையைச் சுத்தம் பண்ணிடலாம்னு சொல்றாங்க. செய்யலாம், வேண்டாம்னு சொல்லலை. ஆனா தொழிற்சாலையில வேலை பார்க்குற எங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். ரிஜெக்ட் வருதுன்னா கடைசி மேசையில நின்னு பொறுக்குறதால லைன் சரியாகாது. எந்த இடத்துல கோளாறோ அங்கேயே நிறுத்தணும். இந்தக் குப்பை புறப்படுற இடம் நம்ம கோயில் வாசல். பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடியே அதை நிறுத்தணும்கிறதுதான் எங்க கருத்து.

"பரம்பரையா செய்யுறதை மாத்தச் சொல்ல நீங்க யாரு?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, உங்க தாத்தா கடலுக்குக் கொண்டு போனது என்ன? எள், தர்ப்பை, பச்சரிசிப் பிண்டம், வாழையிலை, நாரில் கட்டின பூ, மண் கலசத்துல சாம்பல். அத்தனையும் கடல் ஜீரணிக்கிற பொருள். ராஃபியாவும் போலிஸ்திரினும் நடுவுல நாம சேர்த்தது. பரம்பரையை மாத்தினது நாமதான்.

இதைத் துக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்றது சுலபம் இல்லை. அஸ்தி கரைக்க வந்த ஒரு தம்பி, அப்பாவோட சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் பையோட கடல்ல விடணும்னு நின்னார். என்ன சொல்றதுன்னு எங்களுக்கு வாய் வரலை. எங்க கூட வந்த அக்கா ஒருத்தர்தான் பக்கத்துல போய், "அப்பாவைக் குடுத்துட்டீங்க தம்பி, அது போதும். இதை நீங்க வெச்சுக்குங்க"ன்னாங்க. ரொம்ப நேரம் கையில பிடிச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் காடியில கொண்டு போய் வெச்சுட்டார்.

வர்ற மாசி மகத்துக்கு நிர்வாகத்துகிட்ட பேசிட்டோம், தலைவர் சம்மதிச்சுட்டார். பஸ் ஏறுற இடத்துல ஒரு மேசை போடுவோம். கத்தரிக்கோல் இருக்கும். மாலைக் கயிறை அறுத்து வாங்கிக்குவோம், பூ மட்டும் கூடையில வரும். எண்ணெய், கற்பூரம் பொதுவா நாங்களே தூக்குல கொண்டு வருவோம், போத்தல் வேண்டாம். விளக்குக்கு வாழை மட்டை வெட்டித் தர தோட்டம் வெச்சிருக்குற ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா நல்லது. கரையில ஒரே வழியாத்தான் இறங்கணும், கயிறு கட்டியிருப்போம் (அந்தக் கயிறைத் திருப்பிக் கொண்டு வந்துடுவோம்). பாறையில சிப்பி ஒட்டியிருக்கு, காலைக் கிழிச்சுடும். பெரியவங்க பிடிப்பான செருப்பு போட்டு வாங்க. மேசைக்கு ஆள் பத்தலை, காலையில அஞ்சரைக்கு வர முடிஞ்சவங்க பேர் குடுங்க. பசியாற நாங்க பார்த்துக்குறோம்.