நன்கொடையையும் டூலிங் செலவு மாதிரி பாருங்க: ஓசூர் நண்பர்களுக்கு ஒரு யோசனை

மாச பட்ஜெட் பத்தி பேசும்போதெல்லாம் ஒரு வரியை நாம வேகமா தாண்டிப் போயிடுறோம். நன்கொடை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனி வேலையில இருக்கிறவங்க கணக்கை எடுத்தா அந்த வரி காலியா இருக்காது. சந்திரசூடேஸ்வரர் தேருக்கு ஒரு தொகை, சொந்த ஊர் அன்னதானத்துக்கு ஒரு தொகை. கூட ஷிஃப்ட் பார்க்கிறவரோட அப்பாவை ஜூஜூவாடி தாண்டி பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல க்யூஆர் கோடு வந்தா, அதுக்கு ஒரு 500.

அதை நிறுத்தச் சொல்லல. ஆனா வருஷத்துக்கு நீங்க கொடுக்கிற மொத்தத்துல நாலுல ஒரு பங்காவது, வைத்தியத்தோட விலையையே கீழே இறக்குற வேலைக்குப் போகணும்னு நான் நினைக்கிறேன். 6,000 கொடுத்தா அதுல 1,500. ஏன்னு சொல்றேன்.

சோடாபுட்டி கண்ணாடி போட்ட தாத்தா பாட்டி எல்லார் வீட்லயும் இருந்தாங்க இல்லையா? கண்புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸை எடுத்துடுவாங்க. உள்ளே வேற லென்ஸ் வைக்க வழியில்லாததால வெளியே அவ்வளவு தடிமனான கண்ணாடி. உள்ளே வைக்கிற லென்ஸ் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. 1949-ல் லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி முதல் லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் குத்திய பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனை அது. கண்டுபிடிச்சு 40 வருஷம் ஆகியும் நம்ம ஊர் ஏழைக்கு அது வரல. காரணம் விலை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர், சிலது அதுக்கும் மேல. 90-களின் தொடக்க ரேட்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டும்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கட்டுறவங்க கொடுக்கிறதை வைத்துக் கட்ட முடியாதவர்களுக்கும் ஆபரேஷன். இந்தக் கணக்கு ஆபரேஷனுக்கு ஒத்து வந்தது, லென்ஸுக்கு ஒத்து வரல. தானமா வந்த லென்ஸ்கள் போதல. இந்த இடத்துல அவங்க செய்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். இன்னும் லென்ஸ் தானம் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கல. அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன், அதில் இருந்த டேவிட் கிரீன் போன்றவர்கள் உதவியோடு, தொழில்நுட்பத்தை வாங்கி, 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைப் போட்டாங்க. லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளை அது.

ஓசூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுசா ஒரு பார்ட் வரும்போது டை, மோல்டு, ஃபிக்ஸருக்கு ஒரு தடவை டூலிங் காசு. அப்புறம் பீஸ் ரேட்டுதான். வால்யூம் ஏற ஏற ரேட் இறங்கும். ஆரோலேப் விஷயத்தில் நன்கொடை அந்த டூலிங் காசு மாதிரி வேலை செய்தது. அதுக்கப்புறம் லென்ஸை வித்த காசிலேயே தொழிற்கூடம் ஓடுது. விலை முதலில் சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு சாதாரண லென்ஸ் சில டாலருக்கே வந்தது. ஐரோப்பாவின் சிஇ தரச் சான்றோடு 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. செய்யுறவங்க பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து பயிற்சி எடுத்த பெண்கள். இங்க வாட்ச் அசெம்பிளி, எலக்ட்ரானிக்ஸ் லைன்ல உட்காருற நம்ம வீட்டுப் பொண்ணுங்க மாதிரிதான்.

டூலிங் போட்டா மட்டும் போதுமா? போதாது. தானமா வந்த மெஷின் ஸ்பேர் கிடைக்காம, ஓட்ட ஆள் இல்லாம ஆஸ்பத்திரி மூலையில தூசி பிடிச்சுக் கிடக்கிறது உலகம் பூரா நடக்கிற கதை. ஆரோலேப்புக்கு முதல் நாளே ஆர்டர் கையில இருந்தது, அரவிந்தே பெரிய வாடிக்கையாளர். ரோட்டாவாக் கதையும் அப்படித்தான். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்து அது. இந்திய அரசும் கேட்ஸ் ஃபவுண்டேஷனும் பணம் போட்டன. சோதனை நடந்த 3 இடங்களில் நமக்குப் பக்கத்து வேலூரும் ஒன்று. ஒரு டோஸ் 1 டாலருக்குத் தருவோம்னு பாரத் பயோடெக் அறிவித்தது. 2016-ல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்ததால்தான் அது குழந்தைகள் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதனால யாராவது புதுக் கருவி, புது மருந்துன்னு நிதி கேட்டா நான் முதல்ல கேட்கிற கேள்வி: இதை வாங்கப் போறது யாரு, ரிப்பேர் ஆனா பார்க்கப் போறது யாரு? ஒரு பீஸ் விலை இப்ப எவ்வளவு, எவ்வளவுக்கு இறக்கப் போறீங்க? பதிலுக்குக் கண்ணீர் வரவழைக்கிற போட்டோ மட்டும் வந்தா நான் ஒதுங்கிடுவேன்.

‘கேட்ஸ் மாதிரி ஆளுங்க வேலைங்க இது, என் 1,500 எந்த மூலைக்கு?’ன்னு தோணும். அமெரிக்காவில் 1938-ல் தொடங்கிய போலியோ நிதிக்குப் பேரே மார்ச் ஆஃப் டைம்ஸ். டைம்னா 10 சென்ட் காசு. ஜனங்க தபால்ல அனுப்பின அந்தச் சில்லறையும் சேர்ந்துதான் ஜோனாஸ் சால்க்கின் ஆராய்ச்சியைத் தாங்கியது. 1955-ல் தடுப்பூசி வந்தது.

உங்க கம்பெனி பெருசா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆருக்குச் செலவு பண்ணணும். மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதில் இடம் உண்டு. ஸ்கூல் பெஞ்சும் பெயின்ட்டும் நல்ல விஷயந்தான், அதுக்கே முழுசும் போகணும்னு இல்லை. யூனியன்லயோ ஹெச்ஆர் கிட்டயோ ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

எமர்ஜென்சி ஃபண்டு இல்லாம, தனிநபர் கடன் ஓடிட்டு இருக்கிறவங்க இதுல எதையும் இப்போ தொட வேண்டாம். முதல்ல கடனை அடைங்க.

வரி? 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை, 80ஜி கழிவும் கிடையாது. லைன்ல வேலை செய்யுற பெரும்பாலானவங்களுக்கு ரசீதால ஒரு பைசா லாபம் வராது. ஒரு வகையில நல்லதுதான், ‘வரி மிச்சமாகும்’னு சொல்லி நன்கொடை கேட்கிறவங்க பேச்சு உங்ககிட்ட எடுபடாது. பழைய முறையில இருக்கிறவங்க மட்டும் ரொக்கமா 2,000-க்கு மேல கொடுக்காதீங்க, அதுக்குக் கழிவு கிடைக்காது. அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்கான்னு வருமான வரித்துறை தளத்துல பார்த்துட்டு, படிவம் 10பிஇ சான்றிதழை மறக்காம கேட்டு வாங்குங்க.