அண்ணத்துக்கு ஒரு சாவி

பெட்டிக்குச் சாவி உண்டு. பீரோவுக்குச் சாவி உண்டு. குழந்தையின் வாய்க்கும் ஒரு சாவி உண்டென்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். "அப்படியானால் எங்கள் வீட்டு வானரத்தின் வாயை இன்றைக்கே பூட்டி விடுகிறேன்!" என்று சொல்லும் தாய்மார்களும் இருப்பார்கள். ஆனால் இந்தச் சாவி பூட்டுவதற்கு ஏற்பட்டதன்று, விரிப்பதற்கு ஏற்பட்டது.

நம்முடைய மேலண்ணம் ஒரே எலும்பினால் ஆனதன்று. வலமும் இடமுமாக இரண்டு பாதிகள் நடுவிலே வந்து பொருந்துகின்றன. குழந்தைப் பருவத்தில் அந்தப் பொருத்து இளகி இருக்கிறது. வயது ஏற ஏற, இரு பாதிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகி விடுகின்றன.

சில குழந்தைகளுக்கு மேல் தாடை குறுகலாக அமைந்து விடுகிறது. பெட்டியை விட மூடி சிறிதாய்ப் போனால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். கடிக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழுகின்றன. குழந்தை தாடையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கடிக்கப் பழகுகிறது. நாளடைவில் முகமே ஒரு பக்கம் கோணலாக வளரவும் இடமுண்டு.

இதற்குத்தான் அண்ணத்தை விரிக்கும் கருவி. இரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களையும் பற்றிக்கொண்டு, நடுவிலே ஒரு திருகுடன் அது அமைந்திருக்கும். சிறு சாவியால் ஒரு தடவை திருப்பினால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் விரியும். வைத்தியர் சொன்ன கணக்குப்படி தினம் ஓரிரு முறை திருப்ப வேண்டியது தாய் தந்தையரின் பொறுப்பு. சாவியில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக் கொள்வது நல்லது. கை தவறினால் அது குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும் அல்லவா?

சில நாட்களில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். "ஐயோ, இருந்த அழகும் போயிற்றே!" என்று பதற வேண்டாம். பொருத்து விலகுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சில மாதங்களில் அந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

1860-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பல் வைத்தியர் எமர்ஸன் ஏஞ்செல் என்பவர், 14 வயதுப் பெண் ஒருத்திக்குத் திருகுக் கருவி பொருத்தி, இரண்டே வாரத்தில் அண்ணத்தை விரித்ததாக எழுதினார். அவர் காட்டிய சான்றும் இந்தச் சந்துதான். சக வைத்தியர்கள் நம்பவில்லை. எலும்பை ஊடுருவிக் காட்டும் எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-இல்! ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய பிறகே இந்த முறை பரவலாக வழக்கத்துக்கு வந்தது.

விரிப்பது இரண்டு மூன்று வார வேலை. விரிந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரையில் கருவி வாயிலேயே இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் பேச்சுக் குழறும், எச்சில் ஊறும், சோற்றுப் பருக்கை சிக்கிக்கொள்ளும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து நன்றாகத் துலக்கினால் போதும். "பாதி வேலை முடிந்ததே" என்று இடையில் கழற்றி விட்டால் அண்ணம் மறுபடியும் குறுகிவிடும்.

இன்னும் ஒரு விஷயம். குறட்டைக்கும், வாயால் மூச்சு விடுவதற்கும், பற்கள் நெருங்கி முளைப்பதற்கும் இதுவே கைகண்ட மருந்து என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். மேல் தாடை குறுகலாயில்லாத குழந்தைக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை. குறட்டைக்குக் காரணம் பல சமயம் மூக்கின் பின்புறத்திலோ தொண்டையிலோ வளர்ந்த சதையாக இருக்கும். அதற்கு முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுவதே முறை.

அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது. பதினைந்து பதினாறு வயதைத் தாண்டினால் சாவி மட்டும் போதுமென்ற நிச்சயமில்லை. எலும்பிலேயே திருகாணி பொருத்தவோ, சஸ்திர சிகிச்சை செய்யவோ நேரலாம். ஆகையால் ஏழு வயது வாக்கில், பற்கள் விழுந்து முளைக்கும் காலத்தில், குழந்தையின் கடியை ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டி வாருங்கள். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று அவர் சொன்னால், அதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?