பிள்ளை தாயைத் தத்தெடுக்குமா?

"ஊரைத் தத்தெடுத்தோம்!" என்று உவகையோடு அறிவிக்கின்றன நம் பல்கலைக்கழகங்கள். 1969இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்திலும் அச்சொல் உண்டு. 2014இல் மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கத்திலும் அச்சொல்லே ஆட்சி செய்கிறது. கேட்கிறேன் தோழர்களே! ஆதரவற்ற குழந்தையையன்றோ தத்தெடுப்பர்? ஏர் பிடித்தவனும் வலை வீசியவனும் தந்த வரிப்பணத்தால் எழுந்தவை அம்மாளிகைகள். ஈன்றவள் ஊர், பிள்ளை பல்கலைக்கழகம். பிள்ளை தாயைத் தத்தெடுக்குமா?

வேறு வழி கண்ட ஒரு பல்கலைக்கழகத்தைக் காண்போம். கனடா நாட்டின் கீழைக்கரையிலே நோவா ஸ்கோஷியா என்றொரு மாநிலம். அங்கே மீன் பிடித்தவன் மீனவன். விலை வைத்தவன் வணிகன். 1927இல் கான்சோ ஊர் மீனவர் கொதித்தெழுந்தனர். "மக்களுக்கே அறிவு" எனும் கருத்தை 1921லேயே சிறுநூலாக எழுதிய டாம்ப்கின்ஸ் பாதிரியார் அவர்களுக்குத் துணை நின்றார். மறு ஆண்டே, ஆன்டிகோனிஷ் நகரத்துப் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறையொன்றைத் திறந்தது. அதன் தலைமையை ஏற்றவர் மோசஸ் கோடி.

அத்துறை ஊருக்குக் கொண்டுசென்றது பிச்சையன்று, கேள்வி. வீடுகளிலே படிப்பு வட்டங்கள் கூடின. நம் மீன் எங்கே போகிறது, இடையிலே இலாபம் எவன் பைக்கு என்று மீனவர் ஆராய்ந்தனர். ஆராய்ந்தவர் அமர்ந்திருக்கவில்லை. சிங்கி இறால் பதனிடும் ஆலைகளைத் தாமே அமைத்தனர்; கடன் சங்கங்களைத் தாமே நடத்தினர். வறுமை முற்றும் ஒழிந்ததோ எனில், இல்லை. ஆயினும், குனிந்து நின்றவன் நிமிர்ந்து கணக்குக் கேட்டான்! அதனினும் பெரிய பட்டமளிப்பு விழா ஏது?

மாணவர் முகாமிட்டுத் தெருக்கூட்டுவதை நாம் இகழவில்லை. அவர்தம் இளநெஞ்சின் ஈரம் போற்றத்தக்கதே. ஆனால், ஏழு நாள் முகாம் முடிந்ததும் துடைப்பத்தோடு உறவும் மூலைக்குப் போவதா?

அடுத்த முறை முகாம் வரும்போது அன்போடு வரவேற்போம். அத்துடன் உரிமையோடு கேட்போம். எதை ஆராய வேண்டுமென்பதில் உழவனுக்கும் நெசவாளிக்கும் குரல் வேண்டும். ஆய்வின் முடிவு ஆங்கில ஏட்டிலே உறங்காமல், அன்னைத் தமிழில் ஊர்ப் படிப்பகத்துக்கு வந்துசேர வேண்டும்.

தத்து வேண்டாம். பெற்றவளுக்குப் பட்ட கடனைப் பிள்ளை தீர்க்கட்டும்!