வெயிலில் ‘செட்’ ஆகாத பெயிண்ட்

பெயிண்ட் வேலைக்கு விட்ட காரைத் திரும்ப எடுக்கும் நேரம் பெரும்பாலும் சாயங்காலம்தான். வாட்டர் வாஷ் செய்து, பாலிஷ் போட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறுத்தியிருப்பார்கள். கதவு பளபளக்கும். சாவியோடு சேர்த்து ‘வேலை திருப்தி’ என்று கையெழுத்துப் போட ஒரு தாளும் நீட்டப்படும். மறுநாள் வெயிலில் பார்க்கும்போதுதான் முன்கதவு ஒரு வெள்ளி, பின்கதவு இன்னொரு வெள்ளி என்பது தெரியவரும்.

பசுமலையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நடந்தது இதுதான். ஷேர் ஆட்டோ உரசிய கதவு அது. நிறம் ஒட்டவில்லையே என்று போய்க் கேட்டதற்கு, “புது பெயிண்ட் அப்படித்தான் சார் தெரியும். பத்து நாள் வெயில்ல ஓடுச்சுன்னா செட் ஆயிரும்” என்றார்கள். மதுரை வெயிலுக்கு எத்தனையோ வேலை தெரியும். இந்த வேலை தெரியாது. ஐப்பசி மழை முடிந்ததும் அதே கதவின் கீழ் விளிம்பில் கடுகு கடுகாகக் கொப்புளம். “கவர் போட்டு மூடி வச்சீங்களா சார்? அதான்” என்று பழி அவர் மேலேயே திரும்பியது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்ட ஊர் இது. நூறாண்டுக்கு மேலாக மோட்டார் வேலை பழகிய கைகள் இங்கே உண்டு. ஆகவே, திறமை இல்லை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. வாங்குகிறவருக்குக் கண்ணில் படாத இடத்தில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

கம்பெனி பெயிண்ட்டின் மொத்தத் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதற்குள் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே கிளியர் கோட் என நான்கு அடுக்கு. தொழிற்சாலையில் மேல்பூச்சைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேக வைக்கிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் சீட்டும் பொருத்திய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. நல்ல ஒர்க்‌ஷாப்பின் பூத்தில்கூட 60 டிகிரியை ஒட்டித்தான் சூடு. அங்கே பெயிண்ட்டை இறுக வைப்பது ஹார்டனர் கலந்த ‘டூ-கே’ வேதிமுறை. ஆக, ‘கம்பெனி பெயிண்ட் மாதிரியே’ என்ற வாக்குறுதி தொடக்கத்திலேயே கொஞ்சம் மிகைதான். ஆனால் ஒழுங்காகச் செய்த டூ-கே வேலை பல ஆண்டு தாங்கும்.

ஒழுங்காகச் செய்யாத வேலையின் வரலாறு பட்டிக்கு அடியில் கிடக்கும். தகரத்தைத் தட்டி நேராக்க நேரம் பிடிக்கும். பட்டியை அப்பி மேடு பள்ளத்தை நிரப்புவது சுலபம். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறினால் விரிசல் விடும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பண்டம். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த ஈரம் காயும் முன்பே பிரைமர் அடித்தால், அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பிற்பாடு கொப்புளமாகக் கிளம்பும். துருவைச் சுரண்டாமல் மூடினாலும் இதே கதிதான். கிளியரில் தின்னரைக் கூட்டிக் கஞ்சத்தனமாக அடித்தால், ஓரிரு கோடையில் தோல் உரியும்.

நிற விவகாரம் இன்னும் நுட்பமானது. மெட்டாலிக் பெயிண்ட்டில் அலுமினியத் துகள்கள் படுத்துக் கிடக்கும் கோணத்தைப் பொறுத்து வெளிச்சம் மாறும். வண்டியில் ஒட்டியிருக்கும் கலர் கோடு சரியாக இருந்தாலும், காற்றழுத்தமோ தின்னர் அளவோ மாறினால் ஷேடு மாறிவிடும். அதனால்தான் தெரிந்த பெயிண்டர் பக்கத்துப் பேனலிலும் நிறத்தை மெல்லக் கரைத்து விடுவார். அதற்குக் கூடுதல் பெயிண்ட், கூடுதல் நேரம், கூடுதல் கூலி ஆகும். ‘ஒரு கதவுக்கு இவ்வளவு’ என்று பேரம் முடிந்த இடத்தில் அதை யார் செய்வார்?

பேரத்துக்குப் பின்னால் காப்பீட்டுக் கணக்கும் இருக்கிறது. 5 ஆண்டு கிளெயிம் இல்லாமல் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் போனஸ் கழிவு உண்டு. போனஸைக் காக்கும் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் ஒரு கதவுக்காகக் கிளெயிம் போட்டால் அது பறிபோகும். போட்டாலும், சாதாரண பாலிசியில் பெயிண்ட் பொருளின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும். பொருள், கூலி என்று பிரிக்காமல் மொத்தமாகப் பில் போட்டிருந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் என்று வைத்துக்கொள்வார்கள். 20,000 ரூபாய் பெயிண்ட் பில்லில் 2,500 ரூபாய் நம் தலையில். எதற்கு வம்பு என்று சின்ன உரசல்களை எல்லாம் சந்துக்கடையில் ரொக்கத்துக்கு முடிக்கிறோம். 18 சதவீத ஜிஎஸ்டியைத் தவிர்க்க “பில் வேண்டாம்ணே, குறைச்சுப் போடுங்க” என்று சொல்வதும் நாம்தான். அந்த 18 சதவீதத்தோடு நம்மிடம் இருந்த முக்கிய ஆயுதமான ரசீதும் போய்விடுகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவைக் கடை ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை; வரி போடாமலேயே ரசீது தரலாம். ரசீது என்றாலே வரி என்ற பயம் இரு பக்கமும் தேவையற்றது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கேட்டும் ரசீது தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. கொப்புளம் விட்ட பெயிண்ட் வேலையை ‘சேவைக் குறைபாடு’ என்று வழக்காடலாம். ஒர்க்‌ஷாப் எங்கே இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. “பெயிண்ட் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்ற கேள்வி வரும். முன்பக்கம் மோதியும் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் வழக்கில், நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. ஏர்பேக்குக்குச் சொன்னது பெயிண்ட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பது என் கட்சி. அந்தத் திருப்திக் கையெழுத்து? காப்பீட்டு வழக்கு ஒன்றில், ரசீதுத் தாளில் கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை அற்றுப்போகாது என்று 1999-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கினார்கள் என்று நாம் காட்ட வேண்டும். அதற்குப் போடாமலே இருப்பது மேல்.

பெயிண்ட் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஐரா கோர் வழக்கைப் பார்க்கலாம். அலபாமாவைச் சேர்ந்த இந்த மருத்துவர் 1990-இல் புது பி.எம்.டபிள்யூ வாங்கினார். வரும் வழியில் கெட்டுப்போன பூச்சை 601 டாலர் செலவில் மறுபடி அடித்து, சொல்லாமல் விற்றிருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பளபளப்பு ஏற்றக் கொண்டுபோன கடையில்தான் குட்டு வெளிப்பட்டது. மறுபெயிண்ட் அடித்த காரின் மதிப்பு 4,000 டாலர் குறைவு என்று ஜூரி ஒப்புக்கொண்டு, தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. அலபாமா உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாகக் குறைத்தது; அதுவும் மிக அதிகம் என்று 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, கடைசியில் 50,000 டாலரில் முடிந்தது. தண்டத்தின் அளவில்தான் சண்டை. மதிப்புக் குறைந்தது என்பது நின்றது.

இந்தத் தொழிலில் இன்னொரு பாதிக்கப்பட்டவரும் உண்டு. டூ-கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. அதை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பையன்களைச் சந்துகளில் பார்க்கலாம். அடிமாட்டு விலைக்கு வேலை கேட்டால், முதலில் குறைவது அவனுடைய மாஸ்க். அடுத்து நம் கிளியர் கோட்.

எனவே எஸ்டிமேட் தாளில் நான்கு வரி கூடுதலாக வேண்டும்: எந்த பெயிண்ட், டூ-கேயா இல்லையா, பக்கத்துப் பேனலில் நிறம் கரைப்பார்களா, உத்தரவாதம் எத்தனை மாதம். கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப்புகளை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் இதைக் கட்டாயமாக்கினால், மற்றவர்களும் வழிக்கு வருவார்கள். டெலிவரி பகலில் எடுங்கள். கதவில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். தகரத்தில் பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே பட்டி கனமாக இருக்கிறது. கொப்புளம் கண்ட அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு.