மூன்றாவது போட்டியாளர் வேண்டும்

கிராபிக்ஸ் சில்லில் கொடிகட்டிப் பறக்கும் என்விடியா, மேசைக் கணினிக்கான பிராசசரிலும் இறங்கினால் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் ஈடுகொடுக்குமா? நல்ல சில்லு செய்ய அதற்குத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை எக்ஸ்86 கட்டளைகளுக்காக எழுதப்பட்டவை. அந்தக் கட்டளைகளில் பிராசசர் செய்யும் உரிமம் என்விடியாவிடம் இல்லை. இன்டெலோடு நடந்த வழக்கு 2011 ஜனவரியில் சமரசமானபோது 150 கோடி டாலர் கைக்கு வந்தது, எக்ஸ்86 வரவில்லை. அதே மாதம், எக்ஸ்86-க்கு மாற்றான ஆர்ம் கட்டளைகளின் வழியில் 'டென்வர்' என்ற சொந்த பிராசசர் செய்யப்போவதாக அறிவித்தது.

அந்த வழி எவ்வளவு கரடுமுரடானது என்பதை 2012-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் காட்டியது. உள்ளே என்விடியாவின் ஆர்ம் சில்லான டெக்ரா 3. திரையில் வழக்கமான விண்டோஸ் டெஸ்க்டாப், வேர்டு, எக்செல் எல்லாம் இருந்தன. ஆனால் பல வருடமாகப் பயன்படுத்திய கணக்கு மென்பொருளைப் போட்டால், இந்தக் கணினியில் இயங்காது என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு செய்தி வரும். வேகம் குறைவு என்பதைக்கூட மக்கள் பொறுத்திருப்பார்கள், இதைப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

2020-இல் ஆப்பிள் அதே ஆர்முக்கு மாறி ஜெயித்தது. பழைய நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் ரொசெட்டா 2-ஐ எம்1 சில்லோடு சேர்த்தே கொடுத்தது. சில்லும் இயங்குதளமும் ஒரே கையில் இருந்ததால் அது முடிந்தது. என்விடியாவோ விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டை நம்பியாக வேண்டும்.

ஆனாலும் 2025-இல் வந்த என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க் கணினி எனக்கு நம்பிக்கை தருகிறது. மீடியாடெக்கோடு சேர்ந்து உருவாக்கிய 20 கோர் ஆர்ம் பிராசசரும் கிராபிக்ஸும் 128 ஜிபி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண கிராபிக்ஸ் கார்டில் அடங்காத ஏஐ மாடல்கள் இதில் ஓடும். லினக்ஸ் இயந்திரம் என்பதால் பழைய விண்டோஸ் நிரல்களின் சுமையும் இல்லை. என்விடியா ஜெயிப்பதானால் இப்படிப்பட்ட புதிய வேலைகளில்தான் முதலில் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன்.

என் கவலையெல்லாம் 2025 செப்டம்பர் அறிவிப்பைப் பற்றியது. இன்டெலில் என்விடியா 500 கோடி டாலர் முதலீடு செய்வதாகவும், என்விடியா கிராபிக்ஸைச் சேர்த்து இன்டெல் எக்ஸ்86 சில்லுகள் செய்யும் என்றும் இரு நிறுவனங்களும் சொல்லின. எதிராளி பங்காளியானால் வாங்குபவருக்கு என்ன லாபம்? போட்டி வலுவாக இல்லாதபோது, சாதாரண மேசைக் கணினிக்கு இன்டெல் பல ஆண்டுகள் நான்கு கோருக்கு மேல் தரவில்லை. 2017-இல் ஏஎம்டி எட்டு கோர் ரைசனை இறக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்டெலும் ஆறு கோருக்கு வந்துவிட்டது.